அப்பாவின் வீடு: இப்போதே செட்டில்மென்ட் எழுதுவதா, உயில் போதுமா?

கும்பகோணம் வாசகி:
என் தந்தைக்கு 81 வயது. தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது. தாயாருக்கு மறதிநோயின் ஆரம்ப நிலை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் பெங்களூரில், தங்கை கனடாவில்; பெற்றோருடன் இருப்பவள் நான். வீட்டை இப்போதே தம் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டால் இருவரையும் கடைசி வரை பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொல்கிறார். அப்பாவும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். அண்ணன் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அம்மாவின் பாதுகாப்புக்கு என்ன வழி என்பதே என் கவலை.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
செட்டில்மென்ட் பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு மனம் மாறினாலும் உங்கள் தந்தை தாமாகவே சென்று அதை ரத்து செய்ய முடியாது. உயிலோ அவர் காலத்துக்குப் பின்தான் நடைமுறைக்கு வரும். தெளிந்த மனநிலை இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவதே நல்லது. சாட்சிகளாக அவர் வயதையொத்த நண்பர்களை அழைக்காதீர்கள். பின்னாளில் தகராறு வந்தால் ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதே வாரத்தில் மருத்துவரிடம் மனநிலைச் சான்று வாங்கி வைப்பதும் உதவும்.

திருச்சி வழக்கறிஞர்:
2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், எழுதிக் கொடுத்தவர் தீர்ப்பாயத்தை (தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரை) அணுகிப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் முதியோருக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இந்த இழுபறியை நம்பியிருக்காமல் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். வழக்கமான மாதிரிப் பத்திரத்தில் அன்பும் பாசமும் இருக்குமே தவிர, சோறும் மருந்தும் இருக்காது.

உங்கள் கவலைக்கு நேரடியான பதில் இது: பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரும் அந்த உரிமை எழுதிக் கொடுத்தவருக்கு உரியது, உங்கள் தாயார் எழுதிக் கொடுத்தவர் அல்லர். ஆகவே செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், தந்தையின் ஆயுள் வரையிலும், அவருக்குப் பின் தாயாரின் ஆயுள் வரையிலும் அந்த வீட்டில் வசிக்கும் அனுபவ உரிமையைத் தனியே குறிப்பிட வேண்டும். என் கருத்தில் உங்கள் குடும்பத்துக்கு உயிலே பொருத்தம். எதுவுமே எழுதாமல் விட்டாலும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமமாகக் கால் பங்கு வரும்.

வெளியூர் மகன் ஒருவர்:
உங்கள் அண்ணனின் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டையும் பராமரிப்பையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். பெங்களூரில் இருந்துகொண்டு அவர் பார்த்துக்கொள்வது என்றால், பணம் அனுப்புவதா, பெற்றோரை அங்கே அழைத்துச் செல்வதா? மறதிநோய் உள்ளவரைப் பழகிய வீட்டிலிருந்து பெயர்ப்பது எளிதல்ல. உதவியாளர் சம்பளத்தையும் மருந்துச் செலவையும் மூவரும் எப்படிப் பகிர்வது என்பதையும், உடனிருந்து பார்க்கும் உங்கள் உழைப்புக்கு என்ன ஈடு என்பதையும் முதலில் எழுதி வையுங்கள். அம்மாவிடம் பவர் பத்திரம் வாங்கிக்கொண்டால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளை அவருக்குப் புரியும் காலத்திலேயே கூட்டுக் கணக்காக மாற்றுங்கள்.

கும்பகோணம் வாசகி:
மூவருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஆயுட்கால உரிமை, அவருக்குப் பின் எங்கள் மூவருக்கும் சமபங்கு என்று உயில் எழுதலாமா?

திருச்சி வழக்கறிஞர்:
எழுதலாம். ஆனால் மனைவிக்குப் பராமரிப்புக்காகக் கொடுக்கப்பட்ட வரம்புள்ள உரிமை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் முழு உரிமையாகிவிட்டது என்று பின்னாளில் யாராவது வாதிட இடமுண்டு; இதன்மேல் வழக்குகள் பல நடந்திருக்கின்றன. எனவே அந்த ஒரு பத்தியை மட்டுமாவது உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.