அட்டமி நிலவில் தாலமேயஸ் பள்ளம்

தொலைகாட்டியில் நிலவைப் பார்க்க நம்மில் பலர் முழுநிலவு வரும் போயா நாளைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். விடுமுறை, நல்ல வெளிச்சம், சரி. ஆனால் எனக்குப் பிடித்த தாலமேயஸ் அன்றைக்குக் கண்ணில் படாது. நிழலே இல்லாத முழுநிலவில் 154 கி.மீ. அகலமான அந்தக் கிழட்டுப் பள்ளம் சுற்றுவட்டாரத்தோடு கரைந்துபோகும். வளர்பிறை அட்டமியை ஒட்டி, அங்கே சூரியன் உதிக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் அப்படி ஓர் இரவு வாய்த்தது. கொழும்பில் அரைநிலவு மாலையில் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். கடலோர மங்கலெல்லாம் கீழேயே தங்கிவிடும். முதலில் பள்ளம் முழுக்க இருட்டு. அப்புறம் கிழக்குச் சுவரின் இடைவெளிகளால் ஒளி நுழைந்து தரையில் நீண்டது, நடுநடுவே கூரான நிழல்கள். காய்ந்த உடுப்பு எடுக்க வந்த பக்கத்து வீட்டு மாமி குனிந்து பார்த்துவிட்டு, "பல்லுப் பல்லாக் கிடக்குது தம்பி" என்றார். சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்தபோது நிழல்கள் குட்டையாகியிருந்தன. நேரம் போவது அங்கே கண்ணுக்கே தெரிகிறது.

ஒளி சாய்வாக விழும் அந்த நேரத்தில்தான் இதன் வயதும் தெரியும். உள்ளே அமோனியஸ் என்ற சுமார் 9 கி.மீ. குழி கூர்மையாக நிற்கிறது. அதற்குச் சற்று வடக்கே விளிம்பு தேய்ந்து தட்டையாகிப்போன இன்னொரு குழி. சூரியன் கொஞ்சம் ஏறினாலே அதைக் காணோம். சுவர்களில் உள்ள கீறல்கள் ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன், இம்ப்ரியம் என்ற மாபெரும் பள்ளத்தை உண்டாக்கிய மோதலில் சிதறிய பாறைகள் உழுதவை. தாலமேயஸின் தரை போன்ற சமவெளிகளை எரிமலைக் குழம்பு நிரப்பியது என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 வேறொரு சமவெளியில் இறங்கியது. ஜோன் யங்கும் சார்ல்ஸ் டியூக்கும் அள்ளியவை பெரும்பாலும் மோதலில் நொறுங்கி ஒட்டிய கற்கள்!

தெற்கே அல்போன்சஸ் பள்ளம், 1965 மார்ச் 24 அன்று ரேஞ்சர் 9 விண்கலம் மோதிய இடம். அதற்கும் தெற்கே ஆர்சக்கெல். மூன்றையும் ஒருசேரப் பாருங்கள். இளைய ஆர்சக்கெலில் நடுமலையும் படிச்சுவரும் கச்சிதமாக இருக்கின்றன. தாலமேயஸில் நடுமலையே இல்லை.

எல்லா அட்டமிக்கும் அந்த விடியல் நமக்கு இரவில் அமையாது. அமையும் மாதத்தில் ஏழு மணிக்கே தொடங்குங்கள். அமோனியஸுக்கு வடக்கே அந்தத் தேய்ந்த குழி தெரிந்தால், எத்தனை மடங்கு உருப்பெருக்கத்தில் என்று இங்கே எழுதுங்கள்.