யாரும் கூப்பிடாத காலத்தில் நம் மதிப்பு: உங்கள் அனுபவம் என்ன?

படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக போன் வருவது நின்றது. அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நியாயம்தான், அங்கே எனக்கு இனி என்ன வேலை? ஆனாலும் ராத்திரி படுத்தால் ஒரே எண்ணம்: நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது, அப்புறம் நான் எதற்கு?

எனக்குத் தெளிவு தந்தது, மார்க் லியரி என்ற உளவியலாளரும் சகாக்களும் 1995-ல் முன்வைத்த கருத்து. மற்றவர்கள் நம்மை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று காட்டும், மனதுக்குள் இருக்கும் ஒரு மீட்டர்தான் சுயமதிப்பு உணர்வு என்கிறார்கள். சரி, நிறுத்தி வைத்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்தில்தானே நிற்கும்? இன்ஜின் போய்விட்டது என்றா அர்த்தம்? ஆள் வராத வீட்டில் அந்த முள்ளைப் பார்த்து என்னை எடை போடுவதை விட்டேன்.

அதற்குப் பதில் ஒரு நோட்டு. அப்பாவை எப்போது, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தேன், முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா என்று எழுதுவேன். கடைசிவரை அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை. லைக் விழாத சாதனை. ஆனால் விவரம் தெரிந்த நர்ஸ் யாராவது பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

*

எனக்கு ஆள் இருந்தும் தனிமை. எல்லோருக்கும் ஒரே அறையில்தான் வேலை, ஆனால் சாப்பிடப் போகும்போது என்னைக் கூப்பிட மாட்டார்கள். "இதுக்கெல்லாமா அழுவ?" என்று என்னையே திட்டிக்கொள்வேன். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் குழுவின் பந்து விளையாட்டுச் சோதனையைப் பற்றிப் படித்த பிறகு திட்டுவது நின்றது. கணினித் திரையில் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு மட்டும் பந்து வராது. எதிரில் ஆடுவது வெறும் கம்ப்யூட்டர் என்று முன்கூட்டியே சொல்லியும், ஆடியவர்களின் சுயமதிப்பு இறங்கியது என்று 2004-ல் எழுதினார்கள். மெஷின் ஒதுக்கினாலே வலிக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் ஒதுக்கினால் வலிக்காதா? வலி போகவில்லை. 'வலிக்கிறதே' என்ற வெட்கம் போனது.

*

நோட்டு யோசனை பிடித்திருக்கிறது அக்கா. எனக்கு வேலையும் இல்லை, கவனித்துக்கொள்ள ஆளும் இல்லை, என்ன எழுதுவது? கண்ணாடி முன் நின்று 'நான் அருமையானவன்' என்று சொல்லிப் பார் என்றார் நண்பர். சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வந்தது.

*

கண்ணாடியை விடுங்க தம்பி. தன்மேல் மதிப்பு குறைந்திருப்பவர்களை அந்த மாதிரி வாக்கியங்கள் இன்னும் சோர்வாக்கின என்று ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழு 2009-ல் காட்டியிருக்கிறது. அப்பா போன பிறகு என் நோட்டும் காலிதான். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து தர ஆள் தேடினார்கள், போனேன். "அடுத்த அத்தியாயம் எப்பக்கா வரும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். பாராட்டு எதுவும் சொல்லவில்லை; அந்த அவசரமே எனக்குப் பிடித்தது. உங்கள் கைக்குத் தெரிந்த வேலை எது என்று சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

இன்னொன்று. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நோட்டை நம்பி உட்காராதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.