பக்கவாத நோயாளியை வீட்டாரிடம் எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம்?

கரிசல்காடு:
போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் எங்களை உள்ளே விட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டைக் கொடுத்து வீல்சேரில் அனுப்பிவிட்டார்கள். கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்று யாரும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார், தோள்மூட்டு நழுவிவிட்டது. முதல் நாளிலிருந்தே வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும் என்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ_மதுரை:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை, சார். "தொண்டை காயுதுன்னாரு, ஒரு மடக்கு தண்ணி குடுத்தேன்" என்று சொல்லும் உறவினர்களை வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும் முன் கொடுக்கும் அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். பாசத்தால் தடுக்க முடியாத விஷயம் அது.

அப்புறம், இதை இந்தியாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து இரண்டு மாதம் வரை வீட்டிலும் தொடரச் செய்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்களும் பிறர் தயவில் இருப்பவர்களும் சேர்த்து இரண்டு பக்கமும் 47 சதவீதம். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வீட்டாரைப் பயிற்சியாளராக்கினால் போதும் என்ற நம்பிக்கைக்கு அது பலமான அடி.

கரிசல்காடு:
அந்த ஆய்வு கேட்ட கேள்வி வேறு. வீட்டார் கொடுக்கும் பயிற்சியால் நோயாளி கூடுதலாகத் தேறுவாரா என்று பார்த்தார்கள். நான் அப்பாவை நடக்க வைக்கும் பொறுப்பைக் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், பலமில்லாத கையை இழுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். நீங்கள் சொன்ன தண்ணீர் விஷயமும் எனக்குத்தான் சாதகம். வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அது எப்படித் தெரியும்?

பாகாயத்துக்காரி:
எங்கள் ஊர் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவது 1950-களிலேயே தொடங்கிய வழக்கம். அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்ததும் அதே காலத்தில்தான். மனநோயும் பக்கவாதமும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் வீட்டாரைக் கூடவே வைத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை.

கீழவாசல்:
எல்லாரும் "வீட்டார்" என்கிறீர்கள். யார் அந்த வீட்டார்? மாமியாருக்கு வந்தபோது கணவர், கொழுந்தனார், நாத்தனார் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். வேலையை விட்டது நான். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது நான். பத்து மாதத்தில் என் இடுப்பு போய்விட்டது. அத்தை மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து கணவர் பிசியோதெரபிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். "நீதான் பார்த்துக் கத்துக்கிட்டியே" என்றார். பயிற்சி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரியும் மற்ற உறவுகளும் கை கழுவக் கூடாது.

பிசியோ_மதுரை:
நான் பயந்தது இதற்குத்தான், அம்மா. என் வேலை உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கரிசல்காடு சார், ஒன்று ஒப்புக்கொள்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டார் என் கண்முன்னால் நோயாளியை எழுப்பி உட்கார வைத்துக் காட்ட வேண்டும். அது வராமல் அனுப்புவது எங்கள் தவறு.

கரிசல்காடு:
ஒருவர் போதாது, இரண்டு பேர் செய்து காட்டட்டும். அதில் ஒருவர் ஆணாக இருக்கட்டும். கீழவாசல் அம்மா எழுதியதைப் படித்த பிறகு சொல்கிறேன்: எங்கள் வீட்டில் இரவில் எழுந்தது அம்மாதான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து நான்கு மணிப் புரட்டல் என்னுடையது.

பிசியோ_மதுரை:
வலது பக்கமாகப் புரட்டும்போது அந்தத் தோளை உடம்புக்கு அடியில் நசுங்க விடாதீர்கள். இடது பக்கமாகப் படுத்தால் வலது கைக்கு முன்னால் ஒரு தலையணை வையுங்கள்.