புதுப்பிப்பு: பனிக்கட்டியில் அம்மா விழுந்த விஷயம்

கனடாவின் ஸ்கார்பரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததை முன்பு எழுதியிருந்தேன். "வழக்குப் போட 2 வருடம் இருக்கே, என்ன அவசரம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அவசரம் இருக்கிறது. தனியார் இடத்தில் பனியால் அடிபட்டால் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2021 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். விழுந்த திகதி, நேரம், இடம் அதில் இருக்க வேண்டும். நேரில் கொடுக்கலாம், இல்லையென்றால் பதிவுத் தபால். கட்டட உரிமையாளர், பனி அள்ளும் ஒப்பந்தக்காரர் இருவருக்குமே அனுப்பிவிட்டோம்.

விழுந்தது நகராட்சி நடைபாதையில் என்றால் 10 நாள்தான்! அதோடு மிக மோசமான அலட்சியம் என்றும் நிரூபிக்க வேண்டும். எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு இது பெரிய அநியாயம்.

அப்புறம், லோயர் முதலில் கேட்டது அம்மாவின் பனிச் சப்பாத்தைத்தான். துடைக்காமல் அப்படியே பையில் போட்டு வைத்திருக்கிறோம். கூரைக் குழாய்த் தண்ணீர் வழிந்து உறைந்த இடத்தைத் தம்பி அன்றே படமெடுத்ததும் நல்லதாகப் போயிற்று. மறுநாள் அங்கே உப்பைக் கொட்டிவிட்டார்கள். இப்போது காப்புறுதிக்காரரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.