‘ஆனால்’ என்னும் சொல் நிபந்தனைக்குப் பின் வரலாமா?

பாளையங்கோட்டை வாசகர்: மாணவர்களுக்காக நான் அமைத்துவரும் சிறு நிரல்மொழியில் (கணினிக்குக் கட்டளையிடும் மொழியில்) மாறி (மதிப்பை ஏற்கும் பெயர்), நிபந்தனை, மடக்கு (திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) ஆகியவை மட்டுமே உள்ளன. ‘ஆனால்’ என்னும் நிபந்தனைச் சொல்லை நிபந்தனைக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று அண்ணாச்சிமார் கூற வேண்டுகிறேன்.

அம்பாசமுத்திரம் வாசகர்: பின்னால் வைப்பதே தமிழ் நடை. பாபநாசம் அணையை எடுத்துக்கொண்டால், எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் ‘@(நீர்மட்டம் > 140) ஆனால்’ என்று தொடங்கி, மாற்றுவழியை ‘இல்லை’ என்று சொல்லி, ‘முடி’ என்று தொகுதியை அடைக்கலாம். முன்னிற்கும் ‘@’ குறியே, வரப்போவது நிபந்தனை என்று நிரலைப் படித்துப் பகுக்கும் பாகுபடுத்திக்கு உணர்த்திவிடுகிறது. மடக்குக்கும் அதே குறிதான். அங்கே நிபந்தனையின் இறுதியில், ‘ஆனால்’ என்பதற்குப் பதிலாக ‘வரை’ வரும்.

தென்காசி வாசகர்: ‘முடி’யைக் கைவிட வேண்டாம். ஒன்றனுள் ஒன்றாக நிபந்தனைகள் வரும்போது, ‘இல்லை’ எதற்குரியது என்ற ஐயத்தை அதுவே தீர்க்கிறது.

பாளையங்கோட்டை வாசகர்: நன்றி. ‘2 + 3 * 4’ என்பதில் பெருக்கலை முதலில் செய்து 14 கிடைக்க என்ன வழி?

அம்பாசமுத்திரம் வாசகர்: கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிகள்) எழுதி, கூட்டலுக்குரியது தன் இருபுற உறுப்புகளையும் பெருக்கலுக்குரியதிடம் கேட்டுப் பெறுமாறு அமையுங்கள்.