குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி: 'மறுசீரமைப்பு' பொருந்துமா?

வணக்கம்.

பிளாஸ்டிக் சர்ஜரிக்குத் தமிழ்ப் பெயராக 'மறுசீரமைப்பு ஒட்டுறுப்பு அறுவை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று இந்தக் குழுவில் முடிவுக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. குழந்தைகள் பிரிவுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மகள் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் (அண்ணம் என்பது வாயின் மேற்கூரை) சேர்ந்தே பிறந்தவள். மூன்றாம் மாதம் உதட்டுக்கு அறுவை. ஆஸ்பத்திரிப் பலகையில் 'ஒட்டுறுப்பு' என்று படித்ததும் என் அம்மா, "யாரோட உதட்டை எடுத்து ஒட்டப் போறாங்க?" என்று கேட்டு அழுதுவிட்டார். யாருடையதையும் ஒட்டவில்லை. பிளவின் ஒரு பக்கத்துச் சதையைக் கீழே சுழற்றி, மறுபக்கத்ததை நகர்த்திக்கொண்டுவந்து, தசையைத் தசையோடு சேர்த்துத் தைத்தார்கள். ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1950களில் வகுத்த முறை அது. ஒட்டு வைப்பதும் இந்தத் துறையில் உண்டுதான். தீக்காயத்துக்குத் தொடைத் தோலை எடுத்து வைப்பார்கள். பிளவு ஈறு வரை போயிருந்தால், பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயதாகும்போது இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பார்கள். ஆனால் ஒட்டு பல உத்திகளில் ஒன்று. துறைக்கே அதைப் பெயராக வைத்தால் என் அம்மாவைப் போலத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

அப்புறம் அந்த 'மறு'. கரு உருவாகி ஆறு ஏழு வாரத்துக்குள் மேலுதடு இணைய வேண்டும், அடுத்த சில வாரங்களில் அண்ணம். இவளுக்கு இரண்டும் இணையவில்லை. இருந்து போனதைத்தானே மறுபடி அமைக்க முடியும்? அவள் உதடு அன்றுதான் முதல்முறையாக முழுசானது. காதுமடல் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு விலாக் குருத்தெலும்பைச் செதுக்கிக் காது செய்வதும் இப்படித்தான். தீக்காயத்துக்கு 'மறு' பொருந்தும். ஆனால் அங்கேயும் ஒரே தடவையில் முடிவதில்லை: குழந்தை வளரும், தழும்பு கூடவே வளராது, முழங்கை மடங்கி இறுகிவிடும். அறுவை செய்து விடுவித்ததைச் சில வருடம் கழித்துத் திரும்ப விடுவிக்க வேண்டியிருக்கும்.

'நெகிழி அறுவை' என்று ஒருவர் சொன்னதையும் ஏற்க முடியவில்லை. நெகிழி ஒரு பொருளின் பெயர். மருத்துவத்தில் 'பிளாஸ்டிக்' என்ற சொல் அந்தப் பொருளுக்கு மூத்தது. எட்வர்ட் சைஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1838இல் தன் நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட் வந்ததோ 1907இல். கிரேக்க மூலத்துக்குப் பொருள், களிமண்ணைப் போலக் கையால் பிடித்து உருக்கொடுப்பது.

அதற்கு நம்மிடம் நேரான வினை இருக்கிறது: வனைதல். குயவர் பானை வனைகிறார். புனை புனைவு ஆவதுபோல வனை வனைவு ஆகும். எனவே பிளாஸ்டிக் சர்ஜரிக்கு 'வனைவு அறுவை' என்று முன்வைக்கிறேன். குறையைச் சரிசெய்வது சீர்வனைவு, அழகுக்காகச் செய்வது எழில்வனைவு. நம் பிரிவுக்குப் பெயர் 'குழந்தைச் சீர்வனைவு அறுவை'.

வனைதலுக்கு அலங்கரித்தல் என்ற பொருளும் அகராதியில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதனால்தான் 'சீர்' முன்னால் வேண்டும் என்கிறேன். இது அழகுக்கான வேலை இல்லை. அண்ணம் திறந்திருந்தால் பேசும்போது காற்று மூக்கு வழியே போய்விடும். ப என்று சொல்ல வாய்க்குள் காற்றை அடைத்துவைக்க வேண்டும். அது முடியாது, ம மாதிரிதான் வரும். எங்கள் பிள்ளைக்குப் பதினோராம் மாதம் அண்ணத்தை மூடினார்கள். அதன்பிறகும் இரண்டு வருடம் பேச்சுப் பயிற்சிக்கு அலைந்தோம். "அப்பா" என்று தெளிவாக அவள் சொன்ன அன்று என் தங்கை கணவர் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அந்த இரண்டு வருடமும் அக்கம்பக்கத்தில் பலர் இதை அழகுக்குச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. உதட்டுப் பிளவுக்கு 'ஒறுவாய்' என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். விளிம்பு உடைந்த பானையையும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு குழந்தையின் மருத்துவ நோட்டில் அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வராது. 'உதட்டுப் பிளவு' எல்லோருக்கும் புரிகிறது, இருக்கட்டும். 'அண்ணம்' மட்டும் மூன்று சுழி ண. பறவை அன்னமாக அச்சாகி நிறையப் பார்க்கிறேன்.

'சீர்வனைவு' கேட்கும்போது நாக்கில் தடுக்குகிறதா? மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் இருந்தால் நாளை வார்டில் ஒரு தாயிடம் சொல்லிப் பார்த்து, அவருக்கு என்ன புரிந்தது என்று எழுதுங்கள்.