புதுப்பிப்பு: கோழிக்குஞ்சுகளின் இரத்தக்கழிச்சல், மருந்து அளவும் விட்டுப்போனவையும்

நான்கு வாரக் குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு ஒடுங்கி நின்று, எச்சத்தில் இரத்தமும் வந்தால், இந்நோய்க்கான மருந்தான ஆம்ப்ரோலியம் கொடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அளவை அதில் தெளிவாகச் சொல்லவில்லை.

20 சதவீதத் தூளானால் ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு 1.2 கிராம். 9.6 சதவீதத் திரவமானால் 2.5 மில்லி. 5 நாள் இதே அளவு, பிறகு கால் பங்காகக் குறைத்து 1 முதல் 2 வாரம். தினமும் புதிதாகக் கலக்குங்கள். வேறு தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள், இருந்தால் அதைத்தான் குடிக்கும்.

பலர் தவறுவது வைட்டமினில். இந்த மருந்து கிருமிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்தே வேலை செய்கிறது. கூடவே பி1 அடங்கிய பி காம்ப்ளெக்ஸ் ஊற்றினால் மருந்து வீண். அதைக் குறைத்த அளவும் சேர்த்து மருந்து முழுவதும் முடிந்தபின் கொடுக்கலாம்.

ரொம்பச் சோர்ந்த குஞ்சு தண்ணீரிடம் போகாது. மருந்துத் தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், தானே விழுங்கட்டும். வாய்க்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தரையில் பரப்பிய கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். எச்சத்தோடு விழும் கிருமி முட்டைகள் அந்த ஈரத்தில் 1, 2 நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரண கிருமிநாசினி அவற்றைக் கொல்லாது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள கூளத்தை முழுதாக அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள்.

பசைபோன்ற பழுப்பு எச்சம் இடையிடையே வந்தால் பயம் வேண்டாம், அது குருட்டுக்குடலிலிருந்து (பெருங்குடல் தொடங்குமிடத்தில் உள்ள பையிலிருந்து) வரும் எச்சம், இயல்பானது.